கொட்டாஞ்சேனைக்குப் போன சட்டி

"காக்கா, நாளைக்கு நான் ஒரு புதுக் கறி சமைக்கப் போறன். நீங்க பாத்துக்கிட்டு மட்டும் இருங்க."

இப்படிச் சொன்னவர் என் தம்பி. 2024 டிசெம்பரில் பாடசாலை விடுமுறை கிடைத்தபோது, கண்ணைப் பரிசோதித்துக் கொள்ளவென்று கல்முனைப் பக்கத்திலிருந்து கொழும்புக்குப் போயிருந்தேன். கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கொழும்பு என்றால் ஒன்று ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் கந்தோர். இந்த இரண்டுக்கும் நடுவில் தங்குவதற்கு வெள்ளவத்தையில் தம்பியின் வீடு இருந்தது. மூன்றாம் மாடியில் இரண்டே அறைகள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது. ஆனால் கரையோர ரயில் போகும் சத்தம் கேட்கும்.

தம்பி கட்டாரில் ஒன்பது வருடங்கள் ஹோட்டல் குசினியில் வேலை செய்தவர். 2022இல் அங்கே உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்தபோது மெக்ஸிக்கோ நாட்டுக்காரர்கள் பெருந்தொகையாக வந்திறங்கினார்கள். அவர்களுடைய நாக்குக்குச் சமைப்பதற்காக அந்த நாட்டுச் சமையற்காரர் ஒருவரைத் தம்பியின் ஹோட்டலில் அமர்த்தினார்கள். அவருக்கு வெங்காயம் வெட்டிக் கொடுத்தவர் தம்பி. வெட்டி வெட்டியே அவரிடம் சில கறிகளைப் படித்துக்கொண்டு வந்துவிட்டார். அதில் ஒன்றுதான் அடுத்த நாள் எங்கள் அடுப்பில் ஏறவிருந்தது. 'கார்னே கிஸாதா' என்று அதற்குப் பெயராம். பெயர்தான் பெரிது. பொருள் என்னவோ 'அவித்த இறைச்சி' என்பதுதான்.

அடுத்த நாள் போயா. போயா தினத்தில் இந்த நாட்டில் இறைச்சிக் கடை திறவாது என்பதால் முதல் நாள் மாலையே போய் ஒன்றரைக் கிலோ மாட்டிறைச்சி வாங்கி வந்தோம். நான் வழக்கம்போல மெல்லிய இறைச்சியைக் காட்டினேன். தம்பி தலையை அசைத்துவிட்டுத் தோள்ப் பக்கத்து இறைச்சியைக் கேட்டு வாங்கினார். சவ்வும் நாரும் கொழுப்புமாக இருந்தது. "இது வேகாதே" என்றேன். "வேகிறதுக்குத்தானே நேரம் இருக்கு" என்றார்.

விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மாடு நடந்து, பாரம் சுமந்து உழைத்த தசைகளில்தான் கொலாஜன் என்ற நார்ப்பொருள் அதிகம். அவசரமாகச் சமைத்தால் அது ரப்பர்போல இழுபடும். கொதிக்க விடாமல் மெல்லிய சூட்டில் இரண்டு, மூன்று மணித்தியாலம் வைத்திருந்தால் அதே நார் உருகிக் கூழாகி, குழம்புக்குப் பிசுபிசுப்பையும் இறைச்சிக்கு மென்மையையும் கொடுக்கும். கடினமான இறைச்சியைக் கனிய வைப்பது நெருப்பு மட்டுமல்ல, நேரமும்தான்.

காலையில் சமையல் தொடங்கியது. தம்பியின் மனைவி முதலில் செய்த காரியம் படிக்கட்டுப் பக்கத்து ஜன்னலை மூடியதுதான். கீழ்மாடியில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. மாட்டிறைச்சி சேர்க்காதவர்கள். அவர்கள் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லையாம். "சொல்லாததாலதான் மச்சான், நாங்களாப் பாத்து மூடணும்" என்றார். வெள்ளவத்தையில் அடுக்குமாடிகள் எப்படி நிலைத்து நிற்கின்றன என்பதற்கு எனக்கு அந்த ஒரு வசனம் போதுமாயிருந்தது.

மெக்ஸிக்கோக்காரர்களின் கறிக்கு உயிர் காய்ந்த மிளகாய்தான். வஹீயோ, ஆஞ்சோ என்று அவர்களிடம் பல சாதி உண்டாம். நிறம் அதிகம், உறைப்புக் குறைவு. இங்கே அவை கிடைக்காது. தம்பி சந்தையில் பெரிய செத்தல் கொச்சிக்காயாகப் பார்த்து வாங்கியிருந்தார். பன்னிரண்டு காய்களைக் காம்பு கிள்ளி, விதையை உதறி, வெறும் தாச்சியில் மெதுவாக வாட்டினார். "கருக விட்டா முழுச் சட்டியும் கைத்துப்போகும் காக்கா, மணம் வந்த உடன எடுத்திரணும்." வாட்டியதைச் சுடுநீரில் இருபது நிமிடம் ஊற வைத்தார். அதற்கிடையில் நான்கு தக்காளியையும் ஒரு பம்பாய் வெங்காயத்தையும் ஆறேழு பல் உள்ளியையும் அதே தாச்சியில் தோல் கறுக்கும்வரை சுட்டார். ஒரு தேக்கரண்டி சின்னச்சீரகம், இரண்டு கராம்பு, விரல் நீளக் கறுவா. எல்லாவற்றையும் ஊறிய கொச்சிக்காயோடு சேர்த்து அரைத்தபோது, கடும் சிவப்பில் ஒரு கூட்டு வந்தது.

இறைச்சித் துண்டுகளை உப்புப் பிரட்டி, நான்கைந்தாக எண்ணெயில் போட்டு, எல்லாப் பக்கமும் சிவக்க வாட்டி எடுத்தார். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் நீர் விட்டுவிடும், சிவக்காது என்றார். பிறகு கூட்டை எண்ணெயில் ஊற்றிக் கிளறினார். எண்ணெய் பிரிந்ததும் இறைச்சியைப் போட்டு, மூடும் அளவுக்குத் தண்ணீரும் ஒரு கரண்டி வினாகிரியும் விட்டார். அவர்கள் ஒரிகானோ என்ற இலையைப் போடுவார்களாம். அதற்குப் பதிலாகத் தம்பியின் மனைவி பல்கனிச் சாடியிலிருந்து நான்கு கற்பூரவள்ளி இலைகளைக் கிள்ளிக்கொண்டு வந்தார். சளிக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே இலை. மணத்தில் ஒரிகானோவுக்குக் கிட்டத்தட்டச் சொந்தக்காரன். இங்கிலீசில் அதற்கு 'மெக்ஸிக்கோப் புதினா' என்றே ஒரு பெயர் இருக்கிறது; அது மெக்ஸிக்கோவில் பிறந்த செடியும் அல்ல, புதினாவும் அல்ல. பெயர்கள் அப்படித்தான். ஒன்று ஓரிடத்தில் பிறக்கும், பெயர் வேறோரிடத்தில் வைக்கப்படும்.

அடுப்பைக் குறைத்து மூடி போட்டார். "இனி மூணு மணித்தியாலம்."

தம்பியின் மனைவியின் முகம் மாறியது. 2022இல் காஸ் சிலிண்டருக்காக விடியற்காலையில் வரிசையில் நின்றவர் அவர். அந்த நாட்களில் மூன்று மணித்தியாலம் எரிகிற அடுப்பை யாராவது கற்பனை செய்திருப்போமா? இப்போதும் அந்தப் பழக்கம் விடவில்லை. நெருப்பு தேவைக்கு மேல் ஒரு நிமிடம் எரிந்தாலும் கை தானாக நீளுகிறது. எனினும் அன்று அவர் அடுப்பை அணைக்கவில்லை.

எனக்கு வேலையில்லை. சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சமூகக்கல்விப் பாடமும் எடுக்கிறவன் என்பதால் மனம் அந்தச் சட்டிக்குள் இறங்கிவிட்டது.

கொச்சிக்காய் பிறந்த இடம் மெக்ஸிக்கோ. தக்காளியையும் பயிராக்கி உலகுக்குக் கொடுத்தவர்கள் அவர்களே. 'சிலி', 'டொமேட்டோ' என்ற சொற்கள் இரண்டும் அந்த மண்ணின் நாஹுவாட்ல் மொழியிலிருந்து வந்தவை. ஆனால் கறியின் தலைவனான மாடு அங்கே இருக்கவில்லை. ஸ்பானியர் அந்நாட்டைப் பிடித்த 1521ஆம் ஆண்டளவில்தான் முதல் மாடுகள் கப்பலில் போய் இறங்கின. வெங்காயம், உள்ளி, சீரகம், கராம்பு எல்லாம் அவர்களோடு போனவைதாம். அந்த ஸ்பானியரின் சமையலிலோ பல நூற்றாண்டுகள் அங்கே ஆண்ட முஸ்லிம்களின் கைமணம் இருந்தது. மெக்ஸிக்கோவில் இறைச்சி உருண்டைக் கறியை 'அல்போந்திகாஸ்' என்கிறார்கள். அது 'அல்புந்துக்' என்ற அரபுச் சொல்லின் பேரப்பிள்ளை. தம்பியின் குருவானவர் டோஹாவில் ஷவர்மா சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "இது எங்கட சாப்பாடு" என்றாராம். அதுவும் பொய்யில்லை. லெபனானிலிருந்து மெக்ஸிக்கோவில் குடியேறியவர்கள் கொண்டுபோன ஷவர்மாதான் அங்கே 'அல் பாஸ்தோர்' என்று பெயர் மாறி, இறைச்சியும் மாறி, தெருவெல்லாம் சுற்றுகிறது.

சட்டியில் கிடந்த கறுவா மட்டும்? அது எங்களுடையது. மெக்ஸிக்கோக்காரர்கள் தடித்த சீனக் கறுவாவை விரும்புவதில்லை. இலங்கையின் மெல்லிய சுருள் கறுவாதான் அவர்களுக்கு வேண்டும். எங்கள் கறுவாவை அதிகம் வாங்கும் நாடுகளில் பல வருடங்களாக மெக்ஸிக்கோ முன்னணியில் இருக்கிறது. இதை நான் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அவர்கள் எங்களுக்குக் கொச்சிக்காய் தந்தார்கள். நாங்கள் அவர்களுக்குக் கறுவா கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இடையில் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள்தான் காசையும் நாட்டையும் எடுத்துக்கொண்டார்கள்.

கொச்சிக்காய் என்ற பெயரையே பாருங்கள். யாழ்ப்பாணத்தார் மிளகாய் என்பார்கள். மிளகுபோல் உறைக்கும் காய். நாங்கள் கிழக்கில் கொச்சிக்காய் என்போம். கொச்சித் துறைமுகத்திலிருந்து வந்த காய் என்பதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். மெக்ஸிக்கோவில் பிறந்து, போர்த்துக்கேயக் கப்பலில் ஏறி, மலையாளக் கரையில் இறங்கி, அங்கிருந்து இங்கே வந்த பிள்ளைக்குக் கடைசியாக ஏறிய ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

கொச்சி என்ற சொல் மனதில் விழுந்ததும், அதோடு இன்னொரு பெயரும் வந்து விழுந்தது. கொச்சிக்கடை.

கொழும்பிலே கொட்டாஞ்சேனைக்குக் கடற்பக்கமாக இருக்கிறது கொச்சிக்கடை. கொச்சி வியாபாரிகளின் கடைகள் இருந்த இடம் என்பது பெயர்க்காரணம். அங்கேதான் அந்தோனியார் கோவில். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், கொச்சியிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் மாறுவேடத்தில் ஒளிந்திருந்து பூசை வைத்ததில் தொடங்கியது அந்தக் கோவில் என்பது மரபு. செவ்வாய்க்கிழமைகளில் எல்லாச் சமயத்தவரும் அங்கே வந்து மெழுகுதிரி கொளுத்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

பார்த்தது எப்படியென்றால், என் நண்பன் கொட்டாஞ்சேனைக்காரன்.

2004, 2005ஆம் ஆண்டுகளில் நானும் அவனும் மலைநாட்டில் ஓர் ஆசிரியர் கலாசாலையில் ஒரே அறையில் இருந்தோம். குளிருக்கு ஒரு போர்வையும் பசிக்கு ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் பொதுச் சொத்து. நான் தொழும்போது அவன் வானொலியைக் குறைப்பான். அவன் ஜெபமாலை சொல்லும்போது நான் வெளியே போய் நிற்பேன். மாதத்தில் ஒரு தடவை அவனோடு கொழும்புக்கு வந்தால் அவனுடைய அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அக்கா தம்பியை வளர்த்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

முதல் தடவை போனபோது, சாப்பிடக் கூச்சப்பட்டு, பசிக்கவில்லை என்று பொய் சொன்னேன். அக்காவுக்கு விளங்கிவிட்டது. அடுத்த முறை போகும்போது அடுப்பில் ஒரு புது மண்சட்டி இருந்தது. "தம்பி, எங்கட வீட்டில பண்டி இறைச்சியும் சமைக்கிறதுதான். மண்சட்டி ஒருக்கா குடிச்சதை மறக்காது. அதால இது உங்களுக்கெண்டே வாங்கினது. இறைச்சியும் உங்கட ஆள்ர கடையில எடுத்தது" என்றார். அன்று சாப்பிட்ட மாட்டிறைச்சிக் கறி இன்றைக்கும் என் நாக்கில் நிற்கிறது. அதற்குப் பிறகு பதினான்கு வருடங்கள், கொழும்புக்குப் போன போதெல்லாம் அந்தச் சட்டியில்தான் எனக்குக் கறி.

பிறகு 2019 ஏப்ரல் 21 வந்தது. உயிர்த்த ஞாயிறு.

அன்று நான் ஊரில் இருந்தேன். முதலில் கொச்சிக்கடை என்றார்கள். பிறகு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு, கொழும்பின் பெரிய ஹோட்டல்கள். செய்தவர்கள் யாரென்று தெரிந்தபோது வீட்டில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. 250க்கும் மேற்பட்ட உயிர்கள். பின்னேரம்தான் நண்பனுக்குத் தொலைபேசி எடுபட்டது. அவன் உயிரோடு இருந்தான். அக்கா பூசைக்குப் போயிருந்தார். கண்ணாடித் துண்டுகள் ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தார்; ஒரு பக்கக் காது கேட்கவில்லை. "நான் வாறன் மச்சான்" என்றேன்.

நான் போகவில்லை.

முதலில் ஊரடங்கு. ஐந்தாம் நாள் எங்கள் பக்கத்திலேயே சாய்ந்தமருதில் குண்டு வெடித்தது. அதன்பின் சோதனைச் சாவடிகள். மே மாதம் குருநாகல் பக்கமும் மினுவாங்கொடையிலும் எங்கள் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. ஒவ்வொன்றும் எனக்கு ஒரு காரணமாயிற்று. எங்களுக்கு நடந்தவற்றை எண்ணி எண்ணி, நான் போகாமலிருந்ததை மறைத்துக்கொண்டேன். ஜூன் மாதம் அந்தோனியார் கோவிலைத் திருத்தி மீண்டும் திறந்தார்கள் என்று செய்தியில் பார்த்தேன். பஸ் ஓடியது, ரயில் ஓடியது, சாவடிகளும் குறைந்தன. அப்போதும் நான் போகவில்லை. என்ன முகத்தோடு போவது என்பதுதான் கடைசியில் மிஞ்சிய காரணம். அந்தக் காரணத்துக்குள் வெட்கமும் இருந்தது; பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று நான் அளந்து பார்க்கவில்லை.

2020 டிசெம்பரில் ஒருநாள் அவன் எடுத்தான். கொரோனாவில் மௌத்தானவர்களை அடக்கவிடாமல் எரித்துக்கொண்டிருந்த காலம். பிறந்து இருபதே நாளான ஒரு பிள்ளையையும் எரித்திருந்தார்கள். பொரளை கனத்தையின் வேலிக் கம்பிகளில் மக்கள் போய் வெள்ளைத் துணி கட்டினார்கள். "மச்சான், நானும் போய் ஒண்டு கட்டிட்டு வந்தன். அக்காட பேரில இன்னொண்டு" என்றான். வேறொன்றும் பேசவில்லை. என் தொண்டை அடைத்துக்கொண்டது. அடுத்த பெப்ரவரியில் அரசாங்கம் அடக்க அனுமதித்து, மார்ச்சில் ஓட்டமாவடியில் ஜனாஸாக்களை அடக்கத் தொடங்கியபோது அவனுக்குச் சொல்ல எண்ணினேன். ஒரு வரி எழுதி அனுப்பினேன். அவ்வளவுதான்.

2020 செப்டெம்பரில், மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை இணங்கியபோது நாங்கள் எவ்வளவு பேசினோம்! எங்கள் தட்டில் கைவைக்கிறார்கள் என்று சந்தியில் நின்று நானும் குரல் உயர்த்தினேன். எங்களுக்கென்று ஒரு சட்டியே வாங்கி வைத்த வீட்டுக்குப் போவதற்கு மட்டும் எனக்கு வழி தெரியாமலிருந்தது.

இதையெல்லாம் அந்த மூன்று மணித்தியாலத்தில் தம்பியிடம் சொன்னேன். அவர் இடைக்கிடை மூடியைத் திறந்து அகப்பையால் அடியைத் தடவினாரே தவிர வாய் திறக்கவில்லை. கடைசியில் உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டுக்கொண்டே கேட்டார்:

"காக்கா, இஞ்சயிருந்து கொட்டாஞ்சேனைக்கு எவ்வளவு தூரம்?"

"பத்துக் கிலோமீற்றர் வரும்."

"ஊரிலயிருந்து?"

நான் பதில் சொல்லவில்லை. தம்பியின் மனைவி மூடியுள்ள ஒரு பெரிய அலுமினியச் சட்டியைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தார். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

கறி இறங்கியபோது இறைச்சியை அகப்பையின் நுனியால் தொட்டாலே பிரிந்தது. பாதியைச் சட்டியில் ஊற்றிச் சேலைத் துண்டால் கட்டி ஓட்டோவில் ஏறினேன். போயா நாள் என்பதால் வீதி வெறுமையாக இருந்தது. கொழும்பு முழுவதும் நத்தார் விளக்குகள். மடியில் சட்டி சுட்டது. ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "நல்ல மணம் வருது, எந்த வீட்டுக் கலியாணம்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நண்பனுக்கு நான் சொல்லிவிட்டுப் போகவில்லை. சொன்னால், வர வேண்டாம் என்றுவிடுவானோ என்ற பயம். அந்த ஒழுங்கை மாறவில்லை. கதவைத் திறந்தவர் அக்கா. தலை முழுக்க நரைத்திருந்தது. கழுத்தோரத்தில் ஒரு நீளமான தழும்பு. கேட்கிற காதை என் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சட்டியோடு படியில் நின்றேன்.

"என்ன தம்பி, வழி மறந்து போச்சா?"

"என்ன முகத்தோட வாறது அக்கா?"

"உங்கட முகத்தோடதான். வேற ஆர்ட முகத்தோட வரப் போறீங்க?" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து, "கதவைத் திறந்து வச்சுக்கொண்டு நிக்காதீங்க, நுளம்பு வரும்" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

அந்தக் கேள்வி கோபத்தில் கேட்டதா, மன்னித்துக் கேட்டதா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் ஐந்தரை வருடங்களாக நான் சுமந்த பிழை எது என்பது அந்தப் படியில் விளங்கியது. அவர் என்னை என் முகமாகவே வைத்திருந்தார். நான்தான் எனக்கு வேறு யாருடைய முகத்தையோ மாட்டிக்கொண்டு, அந்த முகத்தோடு அவர் வீட்டுக்குப் போக முடியாதென்று ஊரில் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருக்குத் தேவைப்பட்டது எங்கள் சமூகத்தின் அறிக்கைகள் அல்ல. அவர் சட்டியில் சாப்பிட்ட ஒருவன் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருக்கலாம். அதை இனிமேல் செய்ய முடியாது.

நண்பன் பின்னால் இருந்து வந்து என் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டான். பேசவில்லை. அவனும் வாத்தியார்தான், எப்போது பேசக் கூடாது என்று தெரிந்தவன்.

அக்கா குசினியில் முக்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். மேல்தட்டில், அரிசிப் பேணிக்குப் பின்னால், பழைய பத்திரிகையில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்தார். பத்திரிகையைப் பிரித்தார். அந்த மண்சட்டி.

"இதில வேற ஒண்டும் சமைக்கல்ல தம்பி."

நான் கொண்டுபோன கறியை அதில் ஊற்றிச் சூடாக்கினார். பழைய மண் மெதுவாகச் சூடேறி, தனக்குள் இருந்த வாசத்தை விட்டது. தம்பியின் கறுவாவோடு அக்காவின் பழைய கறித்தூள் மணமும் சேர்ந்து எழுந்தது. மண்சட்டி மறக்காது என்று அவர் அன்றே சொல்லியிருந்தார்.

மூன்று பேரும் ரோஸ்ட் பாணைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டோம். இது எந்த ஊர்க் கறி என்று நண்பன் கேட்டான். மெக்ஸிக்கோ என்றேன். கொச்சிக்காய் வந்த கதையையும் கறுவா போன கதையையும் சொன்னேன். போர்த்துக்கேயர் 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. "அப்ப எங்கட ஆக்கள்தான் உங்கட ஆக்களைத் துரத்தினது" என்றான். "அவங்களுக்குப் பின்னால வந்த ஒல்லாந்தர் உங்கட ஆக்களையும் துரத்தினாங்கதானே" என்றேன். இருவரும் சிரித்தோம். பழைய அறைச் சிரிப்பு. அக்கா எங்கள் வரலாற்றில் அக்கறை காட்டவில்லை. இறைச்சியை விரலால் பிரித்துப் பார்த்து, "நல்லா அவிஞ்சிருக்கு. நேரம் எடுத்துச் செய்திருக்கிறார்" என்றார். பிறகு ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்து போய், இடித்த செத்தலை ஒரு கரண்டி கொண்டுவந்து சட்டியில் போட்டுக் கிளறினார்.

இரவு திரும்பும்போது தம்பி வீட்டு அலுமினியச் சட்டியை வெறுமையாகத் தரவில்லை. வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீடுகளிலும் உள்ளதுதான். நத்தாருக்கென்று அப்போதுதான் வெட்டியிருந்த கேக்கை எண்ணெய்த் தாளில் சுற்றி அடுக்கியிருந்தார். "சாராயம் சேர்க்காமல் செய்தது. பிள்ளைகளுக்குக் கொடுங்க" என்றார். யாருக்காக அப்படிச் செய்தார் என்று நான் கேட்கவில்லை. நான் வருவேன் என்று அவருக்குத் தெரியாதே.

வெள்ளவத்தையில் தம்பி தூங்காமல் காத்திருந்தார்.

"என்ன காக்கா, கறி எப்படியாம்?"

"கொச்சிக்காய் காணாதாம்."

தம்பிக்கு ரோசம் வந்துவிட்டது. மெக்ஸிக்கோவில் அப்படித்தான் செய்வார்கள் என்று படுக்கும்வரை வாதாடிக்கொண்டிருந்தார்.